சாரலில் வைத்த கைரேகை

அன்பு மகன் குற்றாலிங்கத்துக்கு,

இந்தக் கோணல் எழுத்தை முதலில் நீ பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு வரி மேலே ஏறுகிறது, ஒரு வரி கீழே சரிகிறது. புதுக் காளை உழுத சால் மாதிரி இருக்கிறது என்று உன் அம்மா எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகிறாள். அவளுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் கோணல் தெரியும். உறையைப் பிரித்ததும் இது யார் கை என்று நீ திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய். தபால்காரர் கை இல்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கை இல்லை. நான்தான், உன் அப்பா. இவ்வளவு எழுதுவதற்கே ஒரு சாயங்காலம் முழுவதும் போய்விட்டது. மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்பு எங்கெங்கே இருக்கும் என்று உனக்குத் தெரியும். இப்போது நடுவிரலின் ஓரத்தில் புதிதாக ஒன்று வந்திருக்கிறது, பேனா வைத்த காய்ப்பு. அதைத் தெருவில் போகிறவர்கள் வருகிறவர்களிடமெல்லாம் நீட்டிக் காட்டிக்கொண்டு திரிகிறேன்.

மூட்டுவலி வந்து நான் வயல் வேலையை விட்ட வருடம், நம்மூர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் முதியோர் கல்வி வகுப்பு தொடங்கினார்கள். தென்காசியிலிருந்து ஒரு டீச்சர் பஸ்ஸில் வந்து நடத்துகிறாள். சின்னப் பெண். எங்களை ஐயா, அம்மா என்றுதான் கூப்பிடுவாள். எழுதாமல் போனால் மட்டும் முறைப்பாள். “அடுப்படியிலேயே நின்னு குழம்புக்கு உப்புச் சொல்லதுக்கு, அங்கன போயி நாலெழுத்து படிச்சாத்தான் என்ன?” என்று உன் அம்மாதான் என்னைத் துரத்தினாள். நீ மூன்றாம் வகுப்பு படித்த அறைதான் அது. நீ எந்த இடத்தில் உட்கார்ந்திருப்பாய் என்று எனக்குத் தெரியாது. உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லையே. அதனால் ஒவ்வொரு நாளும் இடம் மாறி உட்கார்ந்தேன். எல்லா இடத்திலும் உட்கார்ந்துவிட்டால் அதில் ஒன்று உன் இடமாக இருக்குமல்லவா? “இந்த ஐயா மட்டும் ஒரு இடத்துல இருக்க மாட்டாரு” என்று டீச்சர் சிரிப்பாள். நான் காரணம் சொல்லவில்லை.

எழுத்துப் படிக்கப் போனதற்கும் வேறு காரணம் ஒன்று இருந்தது. அதை உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. நீ பம்பாய்க்குப் போனபோது தகரப் பெட்டியின் அடியில், உன் சர்டிபிகேட்டுகளை எடுத்துக்கொண்ட இடத்தில், நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளை நான்காக மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தாய். உன் எழுத்து என்று மட்டும் கண்டுகொண்டேன். எழுதியிருப்பது என்னைப் பற்றி என்றும் மனதுக்குப் பட்டது. யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கலாம். என்னை வைது எழுதியிருப்பாய், அதை அடுத்தவன் வாயால் கேட்க வேண்டாம் என்று ஆறு வருடம் அப்படியே வைத்திருந்தேன். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டு மூடுவேன். அந்தத் தாளுக்கு முன்னால் நடந்ததை ஒரு தடவையாவது நான் என் வாயால் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. இப்போது கையால் சொல்கிறேன்.

நான் நீர்ப்பாய்ச்சி. வயல்காரர்கள் எல்லோருக்கும் பொதுவாக மடை திறந்து, மடை அடைத்து, தண்ணீர் பாய்ச்சிக் கொடுக்கிறவன். கால்வாயை ஒட்டிய தலைமடை வயலுக்குத் தண்ணீர் தானாகப் போய்விடும், அதற்கு ஆள் வேண்டாம். கடைசியில் கிடக்கிற கடைமடை வயலுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கத்தான் நீர்ப்பாய்ச்சி. அந்த வயலில் இறங்கி, சேறு கணுக்கால் ஏறுகிறதா என்று மிதித்துப் பார்க்காமல் நான் ஒரு நாளும் வீட்டுக்கு வந்து சோறு தின்றதில்லை. “கடைமடைக்காரன் வாயத் தொறந்து வையலேன்னாத்தாம்லே தண்ணி பாஞ்சதுன்னு அர்த்தம்” என்று உன்னிடமே எத்தனையோ தடவை பீற்றியிருக்கிறேன். அதனால்தான் குடிதண்ணீர்த் திட்டம் வந்தபோது ஊர் என்னையும் குழுவில் சேர்த்தது. ஐந்து பேர். வேலை சரியாக நடக்கிறதா என்று ஊர் சார்பில் பார்க்க வேண்டும்; முடிந்ததும் எல்லாத் தெருவுக்கும் தண்ணீர் வருகிறது என்று ஊர் சார்பில் ஒப்பம் வைக்க வேண்டும். “தண்ணியப் பத்தி அண்ணாச்சிக்குத் தெரியாததா?” என்றார்கள். ஆற்றங்கரையில் கிணறு, அதில் மோட்டார், மேட்டில் டேங்க், தெருக்களில் பன்னிரண்டு குழாய். முதல் குழாய் டேங்கை ஒட்டி. மூன்றாவது நம் வீட்டு வாசலில். பன்னிரண்டாவது, உன் அக்கா பேச்சியைக் கட்டிக்கொடுத்த கடைசித் தெருவில்.

வேலை முடிந்து அதிகாரி பார்க்க வந்தது ஆனி மாதம். நல்ல சாரல். ஆற்றில் இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு தண்ணீர் போகிறது. முதல் குழாயைத் திறந்தார். குடத்தை உதைத்துத் தள்ளுகிற மாதிரி விழுந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. பிறகு அவர் மலைப் பக்கம் பார்த்தார். “அருவியில தண்ணி நல்லா விழுதா பெரியவரே?” என்று கேட்டார். “ஐந்தருவியில அஞ்சும் விழுது சார்” என்றேன். “அப்ப ஏறுங்க ஜீப்புல. மிச்சத்த அங்கன வச்சுப் பாத்துக்கிடலாம்” என்றார். குழுவில் மற்ற நாலு பேரும் நடவுக்குப் போயிருந்தார்கள். நான் அதற்கு முன் ஜீப்பில் ஏறியதில்லை. முன் சீட்டில் உட்காரவைத்தார். நம்மூர் வழியாகப் போகும்போது யாராவது பார்க்கிறார்களா என்று கழுத்தை வெளியே நீட்டிக்கொண்டே போனேன். கடைசித் தெருவுக்குத் திரும்புகிற சந்து இடது பக்கம் வந்தது. “சார், அங்கன ஒரு தெரு இருக்கு” என்று சொல்ல வாயெடுத்தேன். இறங்கினால் மறுபடி இந்த சீட்டு கிடைக்குமோ கிடைக்காதோ என்று ஒரு நினைப்பு. வாயை மூடிக்கொண்டேன். சந்து பின்னால் போய்விட்டது. படிப்பறிவு இல்லாததால் ஏமாந்துவிட்டேன் என்றுதான் ஊரில் இத்தனை காலமும் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுத்துத் தெரியாதவனுக்குச் சந்து தெரியாதா, லிங்கம்?

ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆளைக் கூப்பிட்டு, “பெரியவருக்கும் சேத்துத் தேயும்” என்றார் அதிகாரி. அந்த ஆள் என்னைக் குப்புறப் போட்டு, மாவு பிசைகிற மாதிரி பிசைந்து, முதுகில் பளார் பளார் என்று தட்டினான். என்னை அப்படி ஒருவன் கவனித்தது அதுதான் முதல் தடவை. அருவியில் நின்றுவிட்டு நடுங்கிக்கொண்டே வந்தபோது ஜீப்பின் முன்பக்கம் தாளை விரித்து வைத்திருந்தார்கள். டிரைவர் மைப்பெட்டியை நீட்டினான். பெருவிரலை மையில் ஒற்றித் தாளில் வைத்தேன். வழவழவென்று ஒரு கறைதான் விழுந்தது. குளித்தும் எண்ணெய் போகவில்லை. இன்னொரு தடவை வைத்தேன். அதுவும் இழுபட்டுப் போயிற்று. “என்னவே, ஒம்ம கை ரேகை வைக்க மாட்டேங்கு?” என்று டிரைவர் சிரித்தான். நானும் சிரித்தேன். கீழே கிடந்த மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து விரலில் போட்டுத் தேய்த்துக்கொண்டு மூன்றாம் தடவை வைத்தேன். அச்சு மாதிரி விழுந்தது. இரண்டு தடவை என் கை மாட்டேன் என்று சொல்லியிருக்கிறது. நான்தான் மண்ணைப் போட்டு அதைச் சம்மதிக்க வைத்தேன். வரும்போது கடையில் ஒரு பை மங்குஸ்தான் பழம் வாங்கிக் கொடுத்தார்கள். “ஏது யப்பா?” என்று நீ கேட்டாய். “சாருக்கு நம்ம மேல பிரியம்லே” என்றேன். நீ இரண்டு தின்றாய். பேச்சிக்கு என்று நாலு எடுத்து வைத்து, அம்மா அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

அடுத்த சித்திரையில் கடைசித் தெருக் குழாயைத் திறந்தால் புஸ் என்று காற்று வந்தது. காற்று வந்து, ஒரு கை தண்ணீர் வந்து, மறுபடி காற்று. பேச்சி இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு நம் தெருவுக்கு வந்தாள். நம் தெருப் பெண்கள் அவளைக் கடைசியில் நிற்கவைத்தார்கள். அவள் முறை வருவதற்குள் டேங்கை அடைத்துவிட்டார்கள். அவள் வெறுங்குடத்தோடு திரும்பிப் போனதை நான் உள்ளே இருந்து பார்த்தேன். நீதான் மனு எழுதினாய். கடைசித் தெருப் பெண்களை அழைத்துக்கொண்டு நீதான் பஸ் ஏறி ஆபீசுக்குப் போனாய். அங்கே நடந்ததை நீ என்னிடம் சொல்லவே இல்லை. போன வருடம்தான் பேச்சி சொன்னாள். “ஒங்க ஊர்லதானய்யா எல்லாத் தெருவுக்கும் தண்ணி வருதுன்னு ரேகை வச்சிருக்கு” என்று ஒரு தாளைத் திருப்பி உன் முன்னால் வைத்தார்களாம். யார் ரேகை என்று நீ பெயரைப் பார்த்தாயாம். “எங்க அப்பாதான்” என்றாயாம். அத்தனை பேருக்கும் நடுவில். பிறகு ஒரு பென்சில் கேட்டு வாங்கி, நின்றபடியே அந்தத் தாளை முழுக்கப் பார்த்து எழுதினாயாம். “பாத்துப் பாத்து எழுதுதான் யப்பா, கண்ணுல தண்ணி நிக்கி. தாளு நனைஞ்சிரக் கூடாதுன்னு மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிடுதான்” என்றாள் பேச்சி. ஐந்து வருடம் கழித்து அதை எனக்குச் சொன்னபோது அவளும் முகத்தை அந்தப் பக்கம்தான் திருப்பிக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் வந்து நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். “யப்பா, பன்னெண்டாவது குழாயப் பாத்தியளா?” ஆபீசரே பார்த்தார் என்றேன். “நீங்க பாத்தியளா?” என்றாய். “எனக்கு வாசிக்கவாலே தெரியும்?” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். நீ கேட்டதற்கும் நான் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை. நீ பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு எழுந்தாய். ஆடியில் தென்காசியில் ரயில் ஏறினாய். வழியனுப்ப நான் வரவில்லை. மடை திறக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். அன்றைக்குத் திறக்க வேண்டிய மடை ஒன்றும் இல்லை. வரப்பில் நின்று ரயில் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடிக்காற்று பேரிரைச்சலாக அடித்தது. கேட்டதா கேட்கவில்லையா என்று இன்று வரை எனக்குச் சரியாகச் சொல்ல முடியவில்லை.

வகுப்புக்குப் போய் எட்டு மாதம் ஆன பிறகு ஒரு நாள், வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, தகரப் பெட்டியைத் திறந்து உன் தாளை எடுத்து விரித்தேன். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் கண் கீழே போயிற்று. கடைசியில் தனியாக ஒரு சொல் இருந்தது. டீச்சர் எங்களுக்கு முதல் வாரத்தில் எழுதிப்போட்ட சொல். அப்பா. அதை மட்டும் வாசித்துவிட்டு அன்றைக்கு மடித்து வைத்துவிட்டேன். மேலே இருந்ததை வாசிக்க மூன்று சாயங்காலம் ஆயிற்று. இந்த ஊரின் எல்லாத் தெருக்களிலும் போதிய குடிநீர் தடையின்றிக் கிடைக்கிறது என்பதை நேரில் பார்வையிட்டு ஊர் மக்கள் சார்பில் உறுதி கூறுகிறேன், என்று இருந்தது. நேரில் பார்வையிட்டு என்கிற இடத்தை மறுபடி மறுபடி வாசித்தேன். நீ வைது ஒரு சொல்லும் எழுதவில்லை. நான் ரேகை வைத்த தாளில் இருந்ததைத்தான் பார்த்து எழுதியிருந்தாய், ஒரு புள்ளி விடாமல். ஆனால் ரேகை இருந்த இடத்தில் ஒரு கட்டம் போட்டு, அதன் கீழே ஆபீசுத் தாளில் இருந்திருக்கும் என் பெயரையும் என் தகப்பனார் பெயரையும் எழுதாமல், அப்பா என்று எழுதியிருந்தாய். அவ்வளவு கோபத்திலும் உனக்கு என் பெயரை எழுதக் கை வரவில்லை. ஆறு வருடம் அந்தத் தாளைப் பார்த்துப் பயந்தேனே, அதை நினைத்துத்தான் அன்றைக்கு அழுதேன்.

மறுநாள் காலையில் பேச்சி தெருவுக்கு நடந்தேன். மூட்டைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து போனேன். “என்ன யப்பா, காலங்காத்தால?” என்றாள். “குழாயப் பாக்க வந்தேம்மா” என்றேன். “ஆறு வருசம் கழிச்சா?” என்றாள். பிறகு முக்காலி எடுத்துப் போட்டாள். தண்ணீர் விடுகிற நேரம் முழுவதும் இருவரும் குழாயடியில் உட்கார்ந்திருந்தோம். ஐந்தருவியில் எண்ணெய்க் கையோடு ரேகை வைத்ததை அவளிடம் சொன்னேன். ஒரு குடம் நிறையவில்லை.

டீச்சரிடம் சொன்னேன். மனு கொடுத்தால் பழைய தாளைத்தான் காட்டுவார்கள், நாமே பார்த்து நாமே எழுதி வைப்போம் என்றாள். வகுப்பில் இருந்தவர்களும், பேச்சியும் அவள் தெருப் பெண்களும் வகுப்புக்கே வந்து உட்கார்ந்து பேசி ஒரு முறை வைத்தோம். ஒரே குடம். வெள்ளிக்கிழமை காலை தண்ணீர் விட்டதும் அந்தக் குடத்தைப் பன்னிரண்டு குழாய்க்கும் கொண்டுபோய் வைப்பது. நிறைகிற வரைக்கும் ஒருவர் சத்தமாக எண்ணுவது. எத்தனை எண்ணினார்கள் என்று நோட்டில் குறிப்பது. டீச்சர் தன் வாட்சைத் தருகிறேன் என்றாள். பேச்சி ஒப்புக்கொள்ளவில்லை. “டீச்சர் இன்னைக்கி இருப்பாவ, நாளைக்கி வேற ஊருக்கு மாத்திருவாவ. வாட்சும் கூடவே போயிரும். எண்ணுதது நம்ம வாயிலல்லா இருக்கு?” என்றாள். ஆனால் முதல் வெள்ளிக்கிழமையே சண்டை. நம் தெருப் பெண்கள் அவர்கள் குழாயில் நிறுத்தி நிறுத்தி எண்ணுகிறார்கள், தொகை குறைவாக வரட்டும் என்று. கடைசித் தெருக்காரிகள் அவர்கள் குழாயில் ரயில் மாதிரி எண்ணுகிறார்கள், தொகை ஏறட்டும் என்று. “ஏட்டி, நீ எண்ணுதியா இல்ல எண்ணெய்ல கடுகு போடுதியா?” என்று உன் அம்மா பேச்சியைப் பார்த்துக் கத்தினாள். கடைசியில் ஆளை மாற்றினோம். நம் தெருக்காரி கடைசித் தெருவில் எண்ண வேண்டும், கடைசித் தெருக்காரி நம் தெருவில் எண்ண வேண்டும். உன் அம்மா பன்னிரண்டாவது குழாயடியில் நின்று எண்ண ஆரம்பித்து, நூறு தாண்டியும் குடம் பாதிகூட ஏறாததைப் பார்த்துவிட்டு, பிறகு சண்டை போடவில்லை. “இங்கனயா நம்ம பிள்ள இத்தன வருசமும் குடம் வச்சிக்கிட்டு நின்னா?” என்று மட்டும் கேட்டாள். ஒரே ஊரில் இருந்துகொண்டு அவளும் அதுவரை பார்த்ததில்லை. விருந்துக்குப் போவாள், வருவாள். குழாயடியில் நின்றதில்லை.

குறிப்பது என் வேலை. பன்னிரண்டு கட்டம். இரண்டு மாதம் எழுதிய பிறகு டீச்சர் நோட்டைப் புரட்டிப் பார்த்து, “ஐயா, மொதக் குழாய்தான டேங்குக்குப் பக்கத்துல இருக்கு? அதவிட மூணாவது எப்படி வேகமா வருது?” என்று கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீ போன வருடத்துக்கு அடுத்த வருடம், தண்ணீர் குறைகிறது என்று நான்தான் நம் வாசலில் குழி தோண்டி, குழாயை வெட்டி, முட்டளவு பள்ளத்தில் இறக்கி வைத்தேன். பள்ளத்தில் வாய் இருந்தால் தண்ணீர் ஓடி வரும் என்று நீர்ப்பாய்ச்சிக்குச் சொல்லியா தர வேண்டும்? அதைப் பார்த்து நாலாவது, ஐந்தாவது குழாய்க்காரர்களும் குழி வெட்டினார்கள். “எங்க அப்பா வெட்டுனதுதான் டீச்சர். மடை வெட்டுன கையில்லா, சும்மா இருக்குமா?” என்றாள் பேச்சி. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்திருப்பேன், ஆனால் நோட்டில் அந்த எண்ணை எழுதியவன் நான். ஆபீசைக் குற்றம் சொல்வதற்காக எழுதிய நோட்டு என் வாசலில் வந்து நின்றது.

குழியை நானே மூடினேன். குழாயைப் பழைய உயரத்துக்கு ஏற்றினோம். “ஒங்க ரேகைக்கு நான் இடுப்பு ஒடிய நின்னு தண்ணி பிடிக்கணுமோ?” என்று உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மண்ணை மிதித்து இறுக்கிவிட்டதும் அவள்தான். மற்ற இரண்டு குழிகளை மூடவைக்க ஒரு மாதம் ஆயிற்று. நான் சொல்லி நடக்கவில்லை, நோட்டைக் காட்டிய பிறகுதான் நடந்தது. பன்னிரண்டாவது குழாயில் காற்று நின்று தண்ணீர் வந்தது. ஆனால் மெல்லிய கோடுதான். மிச்சக் குறை பைப்பில் இருந்தது. இந்தச் சித்திரையின் எண்ணிக்கையோடு நோட்டை ஆபீசுக்குக் கொண்டுபோனோம். இப்போது இருப்பவர் வேறு அதிகாரி. முதலில் சிரித்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு சிரிக்கவில்லை. வைகாசியில் டேங்கிலிருந்து கடைசித் தெருவுக்குத் தனி பைப் போட்டுக் கொடுத்தார்கள்.

போன வாரம் அவர் தாளோடு வந்தார். ஆனி மாதம். அதே சாரல். பன்னிரண்டாவது குழாய்க்கு அவரே நடந்து வந்தார், அதைச் சொல்ல வேண்டும். தண்ணீர் கொட்டியது. தெருவே கூடி நின்று சிரித்தது. மைப்பெட்டியை எடுத்தார். “பேனா கொடுங்க சார், வாசிச்சிட்டுப் போடுதேன்” என்றேன். அவர் காத்திருக்க, நான் ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். அதே வாசகம், லிங்கம். எல்லாத் தெருக்களிலும், போதிய, தடையின்றி. ஒப்பம் போட்டுக் கொடும் அண்ணாச்சி, கோவித்துக்கொண்டு போய்விடுவார் என்று பின்னாலிருந்து ஒருவர் இடித்தார். கடைசித் தெருக்காரர்தான். எனக்கும் மனம் இளகியது. இவ்வளவு செய்து கொடுத்தவரை எப்படி வெறுங்கையோடு அனுப்புவது? அப்போது பேச்சி கூட்டத்திலிருந்து கேட்டாள்: “யப்பா, கையில எண்ணெ இருக்கா?”

நான் பேனாவைப் பிடித்து அந்த வாசகத்தின் கீழே எழுதினேன். ஆனி மாதம் தண்ணீர் நன்றாக வருகிறது. சித்திரையில் பார்த்துவிட்டு மற்றதை எழுதித் தருகிறோம். அதன் கீழே என் பெயர். “இப்படியெல்லாம் இதுல எழுதக் கூடாது பெரியவரே” என்றார். “எழுதத் தெரிஞ்சதே இப்பத்தான சார். எழுதாம எப்படி இருக்க?” என்றேன். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று போய்விட்டார். என்ன சொல்வார்களோ தெரியாது. அன்றைக்குச் சாயங்காலமே உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் அப்பன் ஆயிற்றே. நீயும் ஒர்க்‌ஷாப்பில் பத்துப் பேருக்கு மேலே நிற்கிறாய் என்று எழுதியிருந்தாய். உன்னிடமும் தாள் நீட்டுவார்கள். உனக்கு வாசிக்கத் தெரியும், அதனால் நான் சொல்வது வாசிப்பதைப் பற்றி இல்லை. நல்ல சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போகும்போது இடது பக்கம் ஒரு சந்து வரும். இறங்கிவிடு.

இன்னொன்று. எனக்கு எழுத்து வந்ததும் உன் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்து நானே வாசித்தேன். அடுத்தவர் வாசித்துக் கேட்டபோது தெரியாதது இப்போது தெரிந்தது. ஆறு வருடமும் சுகம், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், வேலை நன்றாகப் போகிறது. எல்லாக் கடிதத்திலும் முதல் மூன்று குழாயைத்தான் திறந்து காட்டியிருக்கிறாய். அங்கே உனக்கும் ஒரு கடைசித் தெரு இருக்கும். அதை எழுது. இனிமேல் வேறு யாரும் வாசிக்க மாட்டார்கள்.

ஊருக்கு வா என்று உன் அம்மா எழுதச் சொல்கிறாள். சாரலுக்கு வரச் சொல்லு, பிள்ளை அருவியில் குளித்து எத்தனை வருடம் ஆகிறது என்கிறாள். எனக்கும் உன்னை நாளைக்கே பார்க்க வேண்டும் போல இருக்கிறது. நீ நடந்து வருகிற நடையே மறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஆனால் சாரலில் வராதே. சாரலில் எல்லாக் குழாயும் நல்ல குழாய்தான், எல்லா அப்பனும் நல்ல அப்பன்தான். சித்திரையில் வா. அருவி நூலாக வடிகிற மாதத்தில் வா. வந்து வீட்டுக்குள் நுழையுமுன் நேராக அக்கா தெருவுக்குப் போ. அந்தக் குடத்தை வைத்து நீயே எண்ணிப் பார். நான் பக்கத்தில் நோட்டோடு நிற்கிறேன். நீ சொல்லுகிற எண்ணை, அது எதுவானாலும், எழுதிக்கொள்கிறேன். அதற்குப் பிறகுதான் ஆபீசுக்கு மற்றதை எழுதிக் கொடுப்பேன்.

வருகிற வெள்ளிக்கிழமை பன்னிரண்டாவது குழாயில் எண்ணுவது உன் அம்மா. அவள் எத்தனை சொன்னாள் என்று அன்றைக்குச் சாயங்காலமே உனக்கு எழுதிப் போடுகிறேன்.

இப்படிக்கு,
அப்பா